அங்கம்மா அக்காவின் கனடா கோட்டும் நடாரிவட்டுக் குளிரும்

நடாரிவட்டு போக எத்தனை ஸ்வெட்டர் வேண்டும் என்று போன பதிவின் கீழே மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். பிஜிக்குப் போய் ஸ்வெட்டரா என்று மற்றவர்கள் சிரிக்க வேண்டாம். கடற்கரையோடு திரும்பிவிடுகிறவர்களுக்கு அந்த மலை தெரியாது. எனக்கு அது தெரிந்தது 2001 ஜூலையில், அங்கம்மா அக்காவின் புண்ணியத்தில். அதனால் சாமான் பட்டியலுக்கு முன்னால் அவர் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் சுவாவில் கணக்கு வாத்தியார், குடியிருந்தது லாமியில். சொந்த ஊர் விருதுநகர்ப் பக்கம். மார்கழியில் லேசாகப் பனி இறங்கினாலே காதை மூடிக்கொள்ளும் ஜாதி நாங்கள். லாமியில் ஜூலை மாதம் இருபது டிகிரிக்குக் கீழே போனால் குரங்குக் குல்லா போட்டுக்கொண்டுதான் பஸ்ஸுக்கு நிற்பேன். பக்கத்தில் அரை டிராயரோடு நிற்கும் பிஜியர்கள் என்னைப் பார்த்துவிட்டு, ஏதோ புயல் வரப்போகிறதோ என்று வானத்தைப் பார்ப்பார்கள்.

அதற்கு முந்தைய வருடம் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்து சுவாவில் இந்தியர் கடைகள் எரிந்தபோது, தவுவா பக்கம் கரும்பு போட்டிருந்த பிஜித் தமிழர் ராஜகோபால் அண்ணன் போன் செய்தார். "அங்க இன்னாத்துக்குத் தனியா கெடக்கறீங்க மாஸ்டர், கெளம்பி வாங்க." ஒரு கோயில் திருவிழாவில் பழகியதுதான், அதற்கு மேல் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அவர் வீட்டில் மூன்று வாரம் இருந்தேன். அவர் மனைவி அங்கம்மா அக்கா வேளை தவறாமல் சோறு போட்டார். எப்போது கிளம்புவான் என்ற முகத்தை ஒரு நாளும் காட்டவில்லை. அந்தச் சோற்றை நான் மறக்க மாட்டேன்.

அடுத்த வருடம் அவர்கள் நிலத்தின் குத்தகை முடிந்தது. நிலம் பூர்வகுடிப் பிஜியர்களுடையது, மறுபடி கிடைக்கவில்லை. எட்மண்டனில் இருக்கும் மகள் இரண்டு பேருக்கும் விசா ஏற்பாடு செய்துவிட்டாள். அண்ணன் பெட்டியைத் தூசி தட்டினார். அக்கா மட்டும் மாட்டேன் என்றார். 1987-இல் நடந்த முதல் ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் கனடா போன அவருடைய தங்கை, குளிரில் ஐந்து மாதம் வாசற்படி தாண்டவில்லை என்று எழுதியிருந்தாளாம். அது அக்காவின் மனதில் ஆணியாக இறங்கிவிட்டது.

"ஆழம் பாக்காம காலை விடமாட்டேன் மாஸ்டர். நடாரிவட்டுல ஒரு நா இருந்து பாக்கறேன். அந்த ஜாடாவைத் தாங்கினா கனடா. தாங்கலன்னா இவரு போவட்டும், நான் நசியாவுல எங்கண்ணன் வூட்ல இருந்துக்கறேன்" என்றார். நசியா இருப்பது அடுத்த தீவில், லம்பாசாவில். ஜாடா என்றால் குளிர். அவர்கள் தமிழில் இப்படி ஊர் ஹிந்தி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

முப்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்கள், ஒருவர் கனடாவிலும் ஒருவர் லம்பாசாவிலும் என்று ஆகிவிடும் நிலைமை. திங்கட்கிழமைக்குள் மகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். வாத்தியார் கூட இருந்தால் பரீட்சை ஒழுங்காக நடக்கும் என்று என்னையும் கூப்பிட்டார்கள். பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஒரு தெர்மாமீட்டரைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை 6.45-க்கு லாமியில் பஸ் ஏறினேன். கடலோரச் சாலை, லவுடோகா வரை ஐந்தேகால் மணி நேரம், பத்து டாலர். அங்கே பஸ் மாறித் தவுவாவுக்கு இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரம். தவுவாவிலிருந்து வட்டுகோலா தங்கச் சுரங்கத்துக்குப் போகும் பஸ்ஸில் பத்து நிமிடம் போனால் அண்ணன் வீடு. மறுநாள் பகல் 1.30-க்குத் தவுவா சந்தைக்குப் பக்கத்தில் நடாரிவட்டு கேரியர் நிற்கும். கேரியர் என்றால் தார்ப்பாய் கட்டி, இரண்டு பக்கமும் பலகை போட்ட லாரி. முப்பது கிலோமீட்டர்தான், ஆனால் கப்பிச் சாலை, இரண்டு மணி நேரம் பிடிக்கும். ஆளுக்கு ஐந்து டாலர்.

சனிக்கிழமை அக்கா சந்தைக்கு வந்த கோலத்தைச் சொல்ல வேண்டும். பிராக்குக்கு மேல் இரண்டு ஸ்வெட்டர். அதற்கு மேல் மகள் அனுப்பிய கனடா கோட்டு, முழங்கால் வரை, மெத்தை தைத்தது. கையுறை, கம்பளித் தொப்பி, உள்ளே மயிர் வைத்த பூட்ஸ். வெயிலில் என் தெர்மாமீட்டர் முப்பத்தொன்று காட்டியது. கத்தரிக்காய் விற்ற பெண்கள் வியாபாரத்தை விட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

"மேல போய்ப் போட்டுக்கலாமே அக்கா" என்றேன்.

"மேல போனா ஜாடா முந்திக்கும் மாஸ்டர். அது உள்ள பூர்றதுக்கு முன்னாடி தவுவா சூட்டைப் பூட்டி எடுத்துக்கினு போவணும்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நானும் தலையாட்டினேன். ஆட்டியதோடு நில்லாமல் குரங்குக் குல்லாவை எடுத்து மாட்டிக்கொண்டேன். படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பது என்னைப் போன்ற ஆளைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள். அண்ணன் ஒருவர்தான் சாதாரணச் சட்டையில் வந்தார்.

கேரியர் மலை ஏற ஏற அக்காவின் முகம் தக்காளியாகச் சிவந்தது. கழுத்தில் வேர்வை கோடு போட்டு இறங்கியது. கோட்டைக் கழற்றச் சொன்னால் கையைத் தட்டிவிட்டார். இருபதாவது கிலோமீட்டருக்கு மேல் பைன் மரங்கள் வந்தன, கூடவே பனிமூட்டம், சாரல். 3.40-க்கு நடாரிவட்டில் இறங்கினோம். கடல் மட்டத்திலிருந்து எண்ணூறு மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர் அது. தெர்மாமீட்டர் பதினைந்துக்கு வந்திருந்தது.

பதினைந்து ஒன்றும் பெரிய குளிர் இல்லை. ஆனால் பத்து நிமிடத்தில் அக்காவுக்குப் பல் கிட்டியது. உதடு வெளுத்தது. கோட்டை இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க நடுக்கம் கூடியது. கேரியர் நின்ற இடத்திலேயே கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"கனடா கோட்டுக்குள்ளயே இந்த ஜாடான்னா கனடாவுல இன்னா ஆவேன்? முடிஞ்சுது. நீ போய்யா, பொண்ணைப் பாத்துக்க" என்று அண்ணனிடம் சொன்னார். அண்ணன் தன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். தலையாட்டிய பாவி நான்தானே.

நாங்கள் தங்க அறை கேட்டிருந்த வீட்டுக்காரம்மா மேரே அப்போதுதான் எங்களைத் தேடி வந்தார். பூர்வகுடிப் பிஜியர், ஐம்பது வயது இருக்கும். அரைக்கைச் சட்டை, இடுப்பில் சுலு வேட்டி, வெறுங்கால். அந்தப் பக்கத்துக்காரர்கள் பலரையும் போல நல்ல ஹிந்தி பேசினார். வந்தவர் நேராக அக்காவின் கழுத்துப் பட்டைக்குள் கையை விட்டு முதுகைத் தொட்டுப் பார்த்தார்.

"என்னம்மா, குளித்துவிட்டு அப்படியே கோட்டைப் போட்டாயா? உள்ளே குளமாக இருக்கிறது. நடுங்காமல் என்ன செய்வாய்? எழுந்திரு" என்றார்.

அடுப்படிக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். ஈரம் அத்தனையையும் கழற்றித் துடைத்து, தன்னுடைய பழைய பிளானல் சட்டையும் சுலுவும் உடுத்திவிட்டார். அரை மணி நேரம் கழித்து எங்களை உள்ளே கூப்பிட்டபோது அக்கா அடுப்புக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, எலுமிச்சை இலை போட்ட டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். நடுக்கம் போன இடம் தெரியவில்லை. கோட்டு கயிற்றில் உள்பக்கம் வெளியே தெரியத் தொங்கியது.

"முதலில் உலர்ந்த துணி. அப்புறம்தான் தடிமன். நடக்கும்போது கோட்டைத் திற, நிற்கும்போது மூடு. இதைக்கூட உனக்கு யாரும் சொல்லவில்லையா?" என்று கேட்ட மேரே, என் குல்லாவை ஒரு பார்வை பார்த்தார். நான் அதைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன்.

எதற்கு இந்தப் பரீட்சை என்று மேரே கேட்க, அக்கா நிலம் போனதைச் சொன்னார். சொன்ன பிறகுதான், கேட்பவரும் நிலத்துச் சொந்தக்காரர்களின் இனம் என்பது அவருக்கு உறைத்தது. மேரே அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினார்.

"அந்த முடிவை எடுத்தவர்கள் என்னைக் கேட்டு எடுக்கவில்லை" என்றார். விறகைத் திருப்பி வைத்துவிட்டு, "என்னைக் கேட்டிருந்தால் இரு என்றுதான் சொல்லியிருப்பேன்" என்றார். அக்கா அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

ஞாயிறு காலை 6.20-க்குத் தெர்மாமீட்டர் ஒன்பது. நான் இரண்டு போர்வைக்குள். அண்ணன் மூலையில் கிடந்த ஒரு தார்ப்பாயையும் சேர்த்துப் போர்த்தியிருந்தார். வெளியே அக்கா, பிளானல் சட்டைக்கு மேல் காய்ந்த கோட்டைத் திறந்து விட்டபடி, மேரேயோடு பைன் மரங்களுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தார். ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை. திரும்பி வந்து அண்ணனைக் காலால் தட்டினார்.

"எழுந்திருய்யா. டிக்கெட் போடச் சொல்லு. ரெண்டு."

அண்ணன் தார்ப்பாயை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டார். அழுதார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கிளம்பும்போது அக்கா பிளானல் சட்டையை மடித்துக் கொடுத்தார். மேரே வாங்கவில்லை. "கோட்டுக்குள்ளே போட்டுக்கொள், அங்கே உன் முதுகைத் தொட்டுப் பார்க்க நான் இருக்க மாட்டேன்" என்றார்.

அடுத்த வருடம் ஜனவரி வந்ததும் எட்மண்டனிலிருந்து போன். "மாஸ்டர், மைனஸ் இருவத்தெட்டு. கடைக்குப் போயிட்டு நடந்தே வந்தேன்." உள்ளே என்ன போட்டிருந்தீர்கள் என்று கேட்டேன். "மேரே சட்டைதான், வேற இன்னா?"

இனி நீங்கள் கேட்ட விஷயம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காலையில் பத்து டிகிரிக்குக் கீழேயும் போகலாம். நான் எழுதிய கட்டணமெல்லாம் அந்தக் காலத்துக் கட்டணம். கேரியர் நேரத்தைத் தவுவா சந்தையில் கேட்டுக்கொள்ளுங்கள், ஞாயிறு அன்று நம்ப வேண்டாம். மலை ஏறும்போது பருத்திச் சட்டை போதும். மேலே போனதும் அதைக் கழற்றிவிட்டு உலர்ந்ததை மாற்றுங்கள். ஒரு ஸ்வெட்டர், ஒரு துண்டு, இரண்டு ஜோடி காலுறை, முடிந்தது. குரங்குக் குல்லா உங்கள் இஷ்டம்.

கனமான கோட்டும் வேண்டாம். இரண்டு வருடம் கழித்து அக்கா அந்தக் கனடா கோட்டை பிஜிக்கு வந்த ஒருவரிடம் என் பேருக்குக் கொடுத்தனுப்பி, மேரேயிடம் சேர்க்கச் சொன்னார். நான்தான் கொண்டுபோனேன். அன்றும் பத்து டிகிரி. மேரே வெறுங்காலோடு நின்று கோட்டைத் தடவிப் பார்த்தார். "எனக்கு எதற்கு? இங்கே ஏது குளிர்? கீழேயிருந்து வருகிறவர்களுக்கு ஆகும்" என்று கதவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினார். பிறகு, "என் சட்டை?" என்று கேட்டார். அக்கா அதைத் திருப்பித் தர மாட்டாராம் என்றேன். தலையைத் திருப்பிக்கொண்டு டீ போடப் போய்விட்டார்.

போன முறை போனபோதும் கோட்டு அந்த ஆணியில்தான் இருந்தது. குளிர்ந்தால் கேளுங்கள், தருவார். அதற்கு முன்னால் உங்கள் கழுத்துப் பட்டைக்குள் கையை விட்டுப் பார்ப்பார். கூச்சப்படாமல் முதுகைக் காட்டுங்கள்.