சித்தப்பாவின் கோல் வரும் நேரம்

கட்டாரில் வேலை செய்பவர்களுக்கு ஊரிலிருந்து ஒரு கெட்ட செய்தியும் போகக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். கூரை பறந்தால்கூட, "இஞ்ச நல்ல காத்து" என்றுதான் சொல்வார்கள். அந்தச் சட்டத்தைக் கட்டிக் காத்தவர்கள் அம்மாவும் பெரியம்மாவும். அதனால் அதிகம் அல்லற்பட்டவள் நான்தான் என்று ஒன்பது வயதில் உறுதியாக நம்பினேன்.

அம்மாவின் தங்கையான சின்னம்மாவுக்கு ஆண்பிள்ளை பிறந்தபோது சித்தப்பா கட்டாரில் இருந்தார். சின்னம்மாவின் வீடு களுதாவளையில் எங்கள் வளவுக்குள்ளேயே இருந்தது. பின்னேரமானால் சித்தப்பாவின் வீடியோ கோல் வரும். அதற்கு முன்பே கலியாண வீட்டு அமளி தொடங்கிவிடும். பெரியம்மா சின்னம்மாவின் தலையை இழுத்துச் சீவி, முகத்துக்குப் பவுடர் பூசி, வெளிச்சம் விழும் யன்னலோரம் இருத்துவார். அம்மா குழந்தையைக் கொண்டுவந்து மடியில் வைப்பார். போனைப் பிடிப்பது என் வேலை. கை உளைந்தாலும் அசையக்கூடாது. வெளியே பிள்ளைகள் கிளித்தட்டு விளையாடும் சத்தம் வேறு கேட்டுக்கொண்டிருக்கும்.

சித்தப்பா கேட்பது சின்னம்மாவை. பதில் சொல்வது அம்மா. சாப்பிட்டாளா என்றால் வயிறு நிறையச் சாப்பிட்டாள். தூங்கினாளா என்றால் நல்ல நித்திரை. சின்னம்மா கடைசியில் ஒரு சிரிப்புச் சிரிப்பார். கோல் முடிந்ததும், "புள்ளய எடுங்கக்கா" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். பால் கொடுக்கும் நேரம் தவிர அவனைத் தொடமாட்டார். பத்தியச் சோறு கோப்பையில் காய்ந்து கிடக்கும். சத்தமில்லாமல் அழுவார்.

பெரியம்மா கண்ணூறு என்று செத்தல் மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டார். வீடே இருமியது. அம்மா கோயிலில் பூசை செய்யும் கட்டாடியாரிடம் நூல் ஓதி வாங்கிக் கட்டினார். அதற்கும் சரிவராதபோது, "நாங்க பெறாத புள்ளையா? எல்லாம் செல்லம்" என்று இருவருமாகச் சேர்ந்து ஏசினார்கள்.

ஒருநாள் பிள்ளைப்பெற்ற வீடுகளைப் பார்க்க வரும் மிட்வைப் மிஸ் வந்தார். குழந்தையை நிறுத்துப் பார்த்துவிட்டு, "உங்கட மனசு எப்பிடியம்மா இருக்கு?" என்று சின்னம்மாவைக் கேட்டார்.

"அவக்கு என்ன மிஸ் குறை? புருசன் உழைக்கிறார்" என்றார் பெரியம்மா.

"அவவக் கொஞ்சம் கதைக்க விடுங்களன்."

"கேளுங்க மிஸ், அவ நல்லாத்தான் இருக்கா" என்றார் அம்மா.

மிஸ் எழும்பினார். கிளினிக்குக்கு அவசியம் கூட்டிவரும்படி சொல்லிவிட்டுப் போனார். துடக்குத் தீட்டுக் கழியாமல் பிள்ளைப்பெற்றவள் வளவுப் படலை தாண்டக்கூடாது என்று இவர்கள் போகவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. சமைத்தார்கள், துணி துவைத்தார்கள், பிள்ளையைச் சுமந்தார்கள். சின்னம்மாவை ஒரு சொல் பேசவிட மட்டும் அந்த இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை.

பிறகொரு நாள் பெரியம்மாவின் கத்தரித் தோட்டத்துக்குள் மாடு புகுந்துவிட்டது. இருவரும் தடியோடு ஓடினார்கள். அந்த நேரம் பார்த்துக் கோல் வந்தது. தலை சீவவில்லை, பவுடர் இல்லை. வெளியே பிள்ளைகள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது. "நீங்களே பிடிச்சுக் கதைங்க சின்னம்மா, எனக்கு ஏலா" என்று போனை அவர் கையில் திணித்துவிட்டு நடந்தேன். வாசலைத் தாண்டும்போது அவர் குரல் கேட்டது.

"எனக்குப் புள்ளயத் தூக்கப் பயமாக் கிடக்குங்க. என்ட கையாலயே அவனுக்கு என்னமும் ஆகிடும் எண்டு பயமாக் கிடக்கு."

நான் விளையாடிவிட்டு வந்தபோது சித்தப்பாவின் குரல் அம்மாவின் போனிலிருந்து முற்றம் வரை கேட்டது. நாளைக்கே சின்னம்மாவை மிஸ்ஸிடம் கூட்டிப்போகாவிட்டால் வேலையை விட்டுவிட்டு வருவேன் என்றார். அம்மா முதன்முறையாக, "ஓம் தம்பி, ஓம் தம்பி" என்று மட்டும் சொன்னார். போனை விட்டுவிட்டு ஓடியதற்கு எனக்கு முதுகில் நல்ல அடி விழுந்தது.

மிஸ் சின்னம்மாவை மட்டக்களப்புக்கு, மனநல டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர் அம்மாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டாராம். "அப்பிடி உள்ளுக்குப் போய் என்னத்தப் பறையிற? எங்களிட்ட ஒரு சொல்லுச் சொல்லல்ல" என்று அம்மா அன்று முழுக்கப் புறுபுறுத்தார். குளிசையும் டாக்டரும் மிஸ்ஸுமாக மாதங்கள் போயின. சின்னம்மா கோப்பைச் சோற்றைச் சாப்பிடத் தொடங்கினார்.

ஒருநாள் காலை கிணற்றடியில் அவர் தனியாகக் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.

"இப்ப பயமில்லையா சின்னம்மா?"

"முந்தி மாதிரி இல்ல மகள்."

கழுத்து நிற்காத பிள்ளை கை நழுவி விழுந்துவிடும் என்று அவனைத் தூக்க முன்பு எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆகவே பெரிய மனுஷியாக அவருக்குத் தைரியம் சொன்னேன். "இனி என்னத்துக்குப் பயம்? அவன்ட கழுத்துத்தான் நிண்டிட்டே."

சின்னம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். ஒரு கையில் குழந்தையோடு மறு கையால் என்னை இழுத்து அணைத்ததில் என் பள்ளிக்கூடச் சட்டை முழுதும் நனைந்துபோனது. இந்தப் பெரிய ஆட்களுக்கு நல்லது சொன்னாலும் அழுகைதான் என்று சலித்துக்கொண்டு, வேறு சட்டை தேடி வீட்டுக்குள் போனேன்.