இரண்டு விரல் இடம்

காங்போ விளையாட்டரங்கின் இரண்டாம் வாசலுக்கு எதிரே தையல் கடை வைத்திருக்கும் பியோன் ஓக்பூனுக்குக் கால்பந்து விதிகளில் பாதி தெரியாது. ஆஃப்சைடு என்றால் "முன்னாடி போய் நிக்கிற திருட்டுத்தனம்" என்பார். ஆனால் எங்கள் ஊர் அணி எந்த ஆண்டு எத்தனையாவது இடத்தில் முடித்தது என்று கேட்டால், அந்த ஆண்டுச் சட்டையின் நிறத்தோடு சேர்த்துச் சொல்லிவிடுவார். எல்லாம் அவர் கை வழியே போன சட்டைகள்.

அணி தொடங்கியபோது அவருக்கு இருபத்திரண்டு வயது. முதுகில் எண் தைக்கத்தான் வேலைக்குச் சேர்ந்தார். அணி இரண்டு முறை லீக் கோப்பையை வென்றது. ஒவ்வொரு முறையும் மார்புச் சின்னத்துக்கு மேலே ஒரு மஞ்சள் நட்சத்திரம் ஏறியது. இரண்டையும் தைத்தவர் ஓக்பூன்தான். பிறகு அணியை நடத்திய நிறுவனம் அதைத் தலைநகருக்குப் பக்கத்து ஊருக்குக் கொண்டுபோய்விட்டது. வீரர்களோடு கோப்பைகளும் நட்சத்திரங்களும் சாதனைப் பட்டியலும் போயின. எட்டு ஆண்டுகள் அந்தப் புல்தரையில் பள்ளிக்கூட ஓட்டப் பந்தயம் மட்டுமே நடந்தது. ஓக்பூன் மீன்சந்தைக்காரர்களுக்கு ஏப்ரன் தைத்தார்.

ரசிகர்கள் கையெழுத்து வாங்கி, நகர மன்றத்தை நச்சரித்து, ஊருக்கென்று புது அணி ஒன்றை உண்டாக்கினார்கள். மூன்றாம் பிரிவில் முதல் ஆண்டு இரண்டே வெற்றி. ஐந்தாம் ஆண்டில் இரண்டாம் பிரிவுக்கு ஏறினார்கள். அப்போது ரசிகர் கூட்டத்தில் முரசு அடிக்கும் கூ தேரிம் ஆட்களைத் திரட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள்.

"பெரியம்மா, பழைய ரெண்டு நட்சத்திரத்தையும் நம்ம சட்டையில தச்சுக் குடுங்க. அது நம்ம ஊர் ஜெயிச்சது."

"அது ஜெயிச்சப்ப நீ பொறந்திருந்தியா?"

"ரெண்டாவது ஜெயிச்சப்ப தொட்டில்ல இருந்தேன்."

"தச்ச நானே அதை விட்டுட்டேன், தொட்டில்ல இருந்தவளுக்கு என்ன? தூக்கிட்டுப் போனவனே வச்சுக்கட்டும். இந்த டீம் ஜெயிக்கட்டும், தைக்கிறேன். ஜெயிக்காம ஒரு நூல் ஏறாது."

தேரிம் ஒரு மாதம் அந்தத் தெருவை விட்டுச் சுற்றிப் போனாள்.

ஏழாம் ஆண்டு, முதல் ஆட்டத்துக்கு மூன்று நாள் இருக்கையில் புதுச் சட்டைகள் தயாராயின. பெட்டியைத் திறந்த அணிச் செயலாளர் தக் இன்ஹோ ஒரு சட்டையைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்து ஓடி வந்தார்.

"அக்கா, சின்னம் வயித்துக்கு இறங்கியிருக்கு!"

"ரெண்டு விரல்தான் இறங்கியிருக்கு. மேல இடம் வேணும்ல?"

"எதுக்கு?"

"நட்சத்திரத்துக்கு."

இன்ஹோ துணி மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "போன வருஷம் நாம ஏழாவது இடம். முதல் பிரிவுக்கு ஏறி, அங்க கோப்பைய ஜெயிச்சாத்தான் நட்சத்திரம். ஊரே சிரிக்கும்கா."

"சிரிக்கட்டும். இந்த வருஷம் மேல ஏறுறோம்."

"ஏறலன்னா?"

"எல்லாச் சின்னத்தையும் நானே பிரிச்சு மேல தச்சுத் தரேன். அதோட உங்க வேலையையும் விட்டுடறேன். குறைஞ்ச விலைக்குத் தச்சுத் தரேன்னு ஃபேக்டரிக்காரன் போட்ட கடுதாசி உன் மேசையில கிடக்கே, அவன்கிட்டயே குடுத்துக்கோ, தம்பி."

அந்தக் கடிதம் இவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்ஹோ கேட்கவில்லை. பிரித்துத் தைக்க நேரமும் இல்லை.

போன ஊரிலெல்லாம் எதிரணி ரசிகர்கள் தொப்புளைத் தட்டிக் காட்டினார்கள். அணி அதுபாட்டுக்கு ஜெயித்துக்கொண்டிருந்தது. இரண்டாவது இடத்தில் முடித்து, முதல் பிரிவில் தடுமாறிய ஓர் அணியோடு இரண்டு ஆட்டம் ஆடும் வாய்ப்பைப் பெற்றது. இரண்டிலும் சேர்த்து அதிக கோல் போடும் அணிக்கே முதல் பிரிவில் இடம். அவர்கள் ஊரில் ஒன்றுக்கு ஒன்று. டிசம்பர் சனிக்கிழமைப் பிற்பகல், எங்கள் ஊரில் இரண்டாவது ஆட்டம்.

ஓக்பூன் கடையைப் பூட்டிவிட்டு முரசுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். இடைவேளை வரை கோல் இல்லை. இன்ஹோ நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் அவரிடம் வந்தார்.

"தையல் பிரிக்கிற கத்திய கொண்டாந்தீங்களாக்கா?"

"எதுக்கு? கடையிலயே தொங்குது. இந்தா, சுட்ட கிழங்கு. சூடா இருக்கு, தின்னு."

எண்பத்தோராம் நிமிடம். கார்னரிலிருந்து வந்த பந்தைத் தடுப்பாட்டக்காரர் தலையால் முட்டி வலைக்குள் தள்ளினார். அரங்கம் எழுந்தது. நடுவரோ காதில் விரலை வைத்துக்கொண்டு வீடியோவில் பார்ப்பவர்களின் தீர்ப்புக்குக் காத்திருந்தார். முரசு நின்றது.

ஓக்பூன் குனிந்து தேரிமின் தோளைத் தொட்டார். "முன்னாடி போய் நின்னானாடி?"

"இல்ல பெரியம்மா. சத்தியமா இல்ல."

"அப்ப ஏன் நிறுத்தின? அடி."

தேரிம் அடித்தாள். நடுவர் நடு வட்டத்தை நோக்கிக் கை நீட்டினார், கோல்தான். மிச்ச நிமிடங்களில் எங்கள் கோல்காப்பாளர் இரண்டு முறை விழுந்து புரண்டார். அவ்வளவுதான், ஏறிவிட்டோம்.

திங்கட்கிழமை காலை இன்ஹோ முதல் பிரிவுக்கான சட்டை மாதிரியோடு வந்தார். அதில் சின்னம் வழக்கமான உயரத்தில் இருந்தது. ஓக்பூன் அதைப் பார்த்துவிட்டு அவர் பக்கமே தள்ளினார்.

இன்ஹோ சாக்பீஸை எடுத்தார். இரண்டு விரலைத் துணியில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். "என் விரலா, உங்க விரலாக்கா? என்னோடது தடிமன்."

"உன்னோடதே இருக்கட்டும். நட்சத்திரத்தப் பெருசாத் தைக்கலாம்."

இன்ஹோ கோடு போட்டுக் கையெழுத்திட்டார். ஓக்பூன் கத்தரிக்கோலை எடுத்தார்.