ஆபிசர் லோடு

இரண்டாயிரத்து ஏழு அல்லது எட்டு. வருடம் சரியாக நினைவில்லை. ஆவணி மாதம், தீபாவளி சீசன் சூடு பிடித்திருந்த நேரம். அப்போது நான் சிவகாசியில் ஒரு சின்ன லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். குட்டியானை என்று சொல்வார்களே, அது. ஐந்தாவது வரைதான் படித்தேன். கோர்வையாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் பட்டாசுக் கம்பெனிக்கு ஆபிசர் சோதனைக்கு வருகிறார் என்றால் முன்கூட்டியே தெரிந்துவிடும். நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் எட்டுப் பேர் இருப்பார்கள். கூடுதலான நாலு பேர் பக்கத்து வேலிக்கருவை முள்காட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்வார்கள். கூடுதலான சரக்கை எங்கள் வண்டியில் ஏற்றிவிடுவார்கள். ஆபிசர் போகிறவரை ரோட்டில் சுற்றிவிட்டு, திரும்பக் கொண்டுவந்து இறக்க வேண்டும். வண்டிக்காரர்கள் நாங்கள் அதை ஆபிசர் லோடு என்போம். மழை வந்தால் தார்ப்பாய் போடுவது மாதிரி அதுவும் ஒரு வேலை. தப்பு என்று நான் நினைத்ததில்லை.

அரசு ஆஸ்பத்திரிகளுக்குப் பஞ்சு, கட்டுத்துணி, தீக்காயக் களிம்பு சப்ளை செய்கிற காண்டிராக்டர் ஒருவர் இருந்தார். கவர்மெண்டு டெண்டர் எடுத்தவர். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். தீபாவளி முடிந்து மழைக்காலத்தில் கம்பெனிகள் பூட்டிக் கிடக்கும். அப்போது எனக்கு லோடு கொடுக்கிறவர் அவர் ஒருத்தர்தான். அந்த மாதங்களில் என் வீட்டில் அடுப்பு எரிந்தது அவரால்.

அன்று விடிந்ததும் வெம்பக்கோட்டை ரோட்டில் ஒரு கம்பெனிக்கு அலுமினியப் பவுடர் டின்களை இறக்கிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி போன் செய்தார். உடனே குடோனுக்கு வரச் சொன்னார். அலுமினியப் பவுடர் கையில் பட்டால் வெள்ளி பூசின மாதிரி ஒட்டிக்கொள்ளும். வெறும் தண்ணீருக்குப் போகாது. அவசரத்தில் அப்படியே போனேன்.

குடோனில் பன்னிரண்டு அட்டைப்பெட்டிகள் இருந்தன. கட்டுத்துணியும் களிம்பும். அண்ணாச்சி விஷயத்தைச் சொன்னார். இரண்டு ஆஸ்பத்திரிகளில் இந்தச் சரக்கு வந்து சேர்ந்ததாக எப்போதோ கையெழுத்தாகிவிட்டது. ஆனால் இரண்டு இடத்துக்கும் சரக்கு போகவில்லை. இன்றைக்கு மதுரையிலிருந்து ஆடிட் வருகிறது. காலையில் ஒரு ஆஸ்பத்திரி, மத்தியானம் இன்னொன்று. இந்தப் பன்னிரண்டு பெட்டியை இரண்டு இடத்திலும் காட்டிவிட்டு, சாயங்காலம் குடோனுக்குத் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும்.

"பெட்டிய ஒருத்தரும் பிரிக்கக் கூடாது. டேப்பு டேப்பாவே இருக்கணும்" என்றார்.

ஆபிசர் லோடுதானே என்று ஏற்றினேன்.

முதல் ஆஸ்பத்திரியின் ஸ்டோர் அறையில் இறக்கினேன். ஆடிட்டுக்கு வந்தது ஒரு அம்மா. ஐம்பது வயது இருக்கும். கூட ஒரு கிளார்க். பெட்டிகளை எண்ணினார். ஒரு பெட்டி முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். தன் கையை அதன் மேல் விரித்துப் பார்த்தார். பிறகு நோட்டில் ஏதோ எழுதினார். தூசி இருக்கிறதா என்று பார்க்கிறார் என்று நினைத்தேன். அவர்கள் ரிஜிஸ்டர் பார்க்க ஆபீஸ் அறைக்குள் போனதும், பின்வாசலில் வண்டியைப் போட்டுப் பன்னிரண்டையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இரண்டாவது ஆஸ்பத்திரியில் ஸ்டோர்க்காரர் வராண்டாவில் அடுக்கச் சொன்னார். அடுக்கிவிட்டு, ஒரு பெட்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு காவலுக்கு நின்றேன்.

அப்போது வார்டுக்குள்ளிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். சேலையில் கரி. அவள் புருஷன் வேலை செய்த கம்பெனியில் பட்டாசு மருந்து குப்பென்று தீப்பிடித்துவிட்டதாம். இரண்டு கையும் நெஞ்சும் வெந்துவிட்டது. கையில் ஒரு சீட்டு வைத்திருந்தாள்.

"அண்ணே, இங்கன மெடிக்கல் எங்கன இருக்கு? உள்ள களிம்பு இல்லையாம். வெளிய வாங்கியாரச் சொல்லுதாக."

சீட்டை வாங்கிப் பார்த்தேன். நர்ஸம்மா பெரிய எழுத்தில் எழுதியிருந்தார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் லோடு இறக்குகிறவனுக்கு எழுத்து ஒரு படம் மாதிரி. பெட்டி மேல் இருக்கிற படமும் பில்லில் இருக்கிற படமும் ஒன்றா என்று பார்த்துப் பார்த்துப் பழக்கம். சீட்டில் இருந்த படம் என் முழங்கைக்குக் கீழே பெட்டியில் இருந்தது.

சீட்டைத் திருப்பிக் கொடுத்தேன். பஸ் ஸ்டாண்டு எதிரில் மெடிக்கல் இருக்கிறது, இடது பக்கம் போ என்று வழி சொன்னேன்.

அவள் போய்விட்டு அரை மணி நேரத்தில் வந்தாள். சின்னக் காகித கவர். ஒரே ஒரு டியூப். இரண்டு கைக்கும் நெஞ்சுக்கும் அது காணாது என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவள் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். வழி சொன்னதற்கு.

மத்தியானம் ஆடிட் அம்மாவின் ஜீப் வந்தது. அண்ணாச்சியும் பைக்கில் வந்து ஓரமாக நின்றார். அந்த அம்மா பெட்டிகளை எண்ணிக்கொண்டே வந்து ஒன்றின் முன்னால் நின்றுவிட்டார். நான் அப்போதுதான் அதைப் பார்த்தேன். பழுப்பு அட்டையில் வெள்ளியாக ஒரு கை பதிந்திருந்தது. வலது கை. ஆள்காட்டி விரல் பாதிதான் இருந்தது. என் கை. பதினைந்து வயதில் அச்சாபீஸ் கட்டிங் மெஷினில் மீதி விரல் போய்விட்டது.

"இந்தக் கையை நான் காலையிலயே ஒரு இடத்தில் பார்த்தேனே" என்றார் அந்த அம்மா. சத்தமாகச் சொல்லவில்லை.

ஸ்டோர்க்காரர் சிரித்தார். "குடோன்ல லோடு ஏத்துதவன் கைம்மா. அவன் தொடுத பெட்டியில எல்லாம் இருக்கும். குளிக்கவே மாட்டான் போல."

அந்த அம்மா சிரிக்கவில்லை. காலையில் பார்த்த ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, அங்கே அந்தக் கை பதிந்த பெட்டி இருக்கிறதா என்று கேட்கிறேன் என்றார். நம்பர் எடுக்கக் கிளார்க்கோடு ஆபீஸ் அறைக்குப் போனார்.

அண்ணாச்சி என் பக்கத்தில் வந்தார். அவர் பதறவில்லை. அங்கே போனை எடுக்கிற ஆளிடம் அவர் பேசிக்கொள்வாராம். அந்த அம்மா நேரில் போய்ப் பார்த்தாலும் இருக்கும்படி, நான் ஒரு பெட்டியை ஏற்றிக்கொண்டு பின் ரோட்டில் போய் அங்கே வைத்துவிட வேண்டுமாம்.

"போறதுக்கு முன்னால அந்தப் பெட்டியிலயும் ஒன் கைய வச்சிருலே. கை ஒன்னுதான, எம்புட்டு பெட்டியில வேணும்னாலும் வைக்கலாம்."

நான் கையைப் பார்த்தேன். ரேகைக்குள் பவுடர் இன்னும் இருந்தது. அழுத்தி வைத்தால் பதியும்.

வார்டுக்குள் அந்தப் பெண்ணின் புருஷன் முனகுகிற சத்தம் கேட்டது. கட்டு மாற்றுகிறார்கள் போல. பழைய துணியைப் பிய்த்து எடுக்கும்போது வரும் சத்தம் அது. அண்ணாச்சிக்கும் கேட்டிருக்கும். மழைக்காலத்தை நினைத்தேன். வீட்டை நினைத்தேன். பெரிய யோசனை ஒன்றும் செய்யவில்லை. பெட்டியை ஏற்றக் குனிந்தேன், ஏற்ற முடியவில்லை. அவ்வளவுதான் சொல்லத் தெரிகிறது.

அந்த அம்மா திரும்பி வந்தபோது, நான் போய் அந்த வெள்ளிக் கையின் மேல் என் கையை வைத்தேன். விரலுக்கு விரல் சரியாகப் பொருந்தியது. பாதி விரலும்.

"இதே பெட்டிதான்ம்மா. காலைல அங்கன எறக்குனது. இப்ப இங்கன. பன்னெண்டும்தான்" என்றேன்.

அந்த அம்மா என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். உட்காரச் சொன்னார். நான் சொன்னதைக் கிளார்க் எழுதினார், வாசித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன். பிறகு அந்த அம்மா ஸ்டோர்க்காரரைக் கூப்பிட்டு, எல்லாப் பெட்டியையும் இங்கேயே, தன் கண் முன்னால் பிரிக்கச் சொன்னார். கத்தி இல்லை என்றார் அவர். தார்ப்பாய்க் கயிறு அறுக்க நான் வைத்திருந்த கத்தியைக் கொடுத்தேன். டேப்பு கிழிந்தது. களிம்பும் கட்டுத்துணியும் ஒரு தட்டு நிறைய வார்டுக்குள் போயின.

அண்ணாச்சி போகும்போது என்னைத் திட்டவில்லை. பைக்கை உதைத்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். "ஏலே, ஒரு கையக் கழுவிட்டு வரத் தெரியலையாலே ஒனக்கு?"

அதற்குப் பிறகு அவர் என்னைக் கூப்பிடவில்லை. அந்த மழைக்காலம் கஷ்டமாகத்தான் போனது. அவருக்கு டெண்டர் போனது என்றார்கள். வேறு பெயரில் திரும்ப எடுத்துவிட்டார் என்றும் சொன்னார்கள். எது நிஜம் என்று எனக்குத் தெரியாது. ஸ்டாண்டில் வண்டிக்காரர்கள் கொஞ்ச நாள் என்னைக் கண்டால் கையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்கள். கம்பெனியில் ஆபிசர் லோடு என்று கூப்பிட்டால் நான் போவதை நிறுத்திவிட்டேன். வேறு வண்டி போனது.

எழுத நினைத்தது இதெல்லாம் இல்லை. அன்று நான் கிளம்பும்போது அந்தப் பெண் வராண்டாவுக்கு வந்தாள். பிரித்துக் கிடந்த பெட்டிகளைப் பார்த்தாள். சீட்டை இன்னும் கையில் வைத்திருந்தாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"அண்ணே, இது அப்பவே இங்கனதான் இருந்துச்சா?"

நான் வண்டியை எடுத்துவிட்டேன்.

ஆடிட் அம்மா கேட்டதற்கெல்லாம் அன்றைக்கே பதில் சொல்லிவிட்டேன். அந்தப் பெண் கேட்டது மட்டும் அப்படியே நிற்கிறது, இன்றைக்கும் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் வராண்டாவில் அட்டைப்பெட்டி இருந்தால் டேப்பு பிரித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அதைக் கடந்து போகிறேன்.