மூன்றாம் ஓலைக்குக் காட்டிய முகம்

கல்யாணத்துக்கு முந்தின மாசம் என் முகத்துத் தோலை நானே உரித்துக்கொண்டேன். மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலை பிடுங்கி வெயிலில் நின்று நின்று இரண்டு கன்னத்திலும் கருந்திட்டாய் மங்கு. யுத்த காலம், மருந்து கிடைப்பதே அரிது. செஞ்சி பஜாரில் ஒரு கம்பவுண்டர் சின்ன சீசாவில் திராவகம் கலந்து கொடுத்தார்.

"எரியும். அப்புறம் தோலு கருத்துப்போயி வெடிக்கும். தானா உரியற வரைக்கும் கை வெக்காதே. வெயில்ல போனா மறுபடியும் மங்கு வந்துடும்" என்றார்.

பூசியதும் மிளகாய் அரைத்து அப்பியது போல எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஆனால் எங்கள் மாதா கோயிலில் அப்போதுதான் ஓலை வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள். மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் என் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் வாசிப்பார். கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம். இரண்டாம் ஓலையன்று என் முகம் கருத்து வெடித்திருந்தது. முக்காட்டை இழுத்துவிட்டும் யாரோ பார்த்துவிட்டார்கள். பெண்ணுக்குப் பெருநோய் என்று வல்லத்தில் மாப்பிள்ளை வீட்டுக்குச் சேதி போய்விட்டது.

மாமியார் ஆகவேண்டியவர் நேரே எங்கள் வீட்டுக்கு வந்து நின்றார். "நோவு இருக்கற பொண்ண தலையில கட்டப் பாத்தீங்களா? சாமியார்கிட்ட சொல்லி நிறுத்தப்போறோம்."

எனக்கு வந்ததே கோபம்! முக்காட்டை எடுத்துவிட்டு வாசல் வெளிச்சத்தில் போய் நின்றேன்.

"நல்லா பாருங்க அத்தை. நோவு இல்ல, மருந்து. நான்தான் பூசினேன். மூணாவது ஓலைக்கு வந்து பாருங்க. அப்பவும் இப்படியே இருந்தா நானே சாமியார்கிட்ட சொல்றேன், கல்யாணம் வேணாம்னு."

"வாயி மட்டும் நல்லா இருக்குது" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

அந்த வாரம் முழுக்க, தொங்கிய தோலைப் பிய்த்தெறியக் கை பரபரத்தது. தொடவில்லை. சனிக்கிழமைதான் கடைசித் துண்டு உதிர்ந்தது. ஞாயிறு பூசைக்கு முக்காட்டை நெற்றிக்கு மேலே தள்ளிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். கன்னம் இளஞ்சிவப்பாக இருந்தது, மங்கின் சுவடே இல்லை. ஓலை வாசித்து முடித்துச் சாமியார் நிமிர்ந்து பார்த்தார். அத்தை எழுந்திருக்கவில்லை.

வெளியே வந்ததும் என் மோவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார். அவர் கன்னத்திலும் மங்கு இருப்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"அந்தக் கம்பவுண்டர் எங்க இருக்கறாரு?" என்று காதோரம் கேட்டார்.

கல்யாணமாகிப் போன வீட்டில் அவருக்கு நான்தான் பூசினேன். எரியுது எரியுது என்று முனகினார். "எரியும் அத்தை. கை வெக்காதீங்க" என்றேன். தோல் வெடித்த சமயம் பக்கத்து வீட்டம்மா வந்து, "இன்னா இது, மூஞ்சி இப்படி ஆயிட்டுது?" என்று பதறினாள்.

அத்தை முக்காட்டை இழுத்துக்கொள்ளவில்லை.

"நோவு இல்ல, மருந்து. எம் மருமவ பூசினா. அடுத்த ஞாயித்துக்கெழம வந்து பாரு" என்றார்.