ஊதாத் துணிக்குப் பின்னால் வெங்காய ராட்சசன்

"ரெண்டரை மணி நேரத்துல முடிஞ்சுபோற கேமெல்லாம் ஒரு கேமா?" என்று என்னோடு வேலை செய்கிற பெண் ஒருத்தி போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் கேட்டாள். ஆமாம், கேம்தான். அதுதான் கேம். அவள் நூறு மணி நேரம் ஆடியும் பாதி உலகத்தைக்கூடக் காப்பாற்றி முடிக்கவில்லையாம். அதில் பெருமை வேறு. அந்த நூறு மணி நேரத்தில் அவளுடைய நாயகன் ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை. எப்போது பார்த்தாலும் மழையில் நின்றுகொண்டு செத்துப்போன அப்பாவையே நினைத்துக்கொண்டிருக்கிறான். என் நாயகன் கையில் குழம்புக் கரண்டி இருந்தது. அவன் அதை வைத்து முள்ளங்கிகளை அடித்தான். இதைச் சொன்னால் அவள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும், சிரிப்பதற்குத்தான் அதைச் செய்திருக்கிறார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் ஆவடியில், அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அப்பா, அம்மா, நான், அவ்வளவுதான். ஒரு நாள் அப்பா பர்மா பஜாரிலிருந்து டிவி கேம் செட் ஒன்று வாங்கி வந்தார். அதோடு மஞ்சள் நிறத்தில் ஒரே ஒரு கேசட். கேசட்டின் மேலே மோட்டார் சைக்கிள் படம் ஒட்டியிருந்தது. செட்டில் சொருகிப் பார்த்தால் உள்ளே மோட்டார் சைக்கிளும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. தொப்பை வைத்த குட்டிப் பையன் ஒருவன் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தான். அப்பா ஏமாந்துவிட்டோமே என்று புலம்பினார். எனக்கு அந்தத் தொப்பையைப் பார்த்த உடனே பிடித்துப்போனது.

கதை ரொம்பச் சின்னது. ஊருக்கே சோறு வடிக்கிற பானையை வெங்காய ராட்சசன் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அதை மீட்டுவர வேண்டும். வழியெல்லாம் காய்கறிகள் மேலே வந்து விழும். அடிக்க அடிக்க நம் ஆளுக்குப் பலம் கூடும், அவன் துள்ளிக் குதிப்பான். நடுவில் ஊர்கள் உண்டு, கடை உண்டு, இன்னும் பெரிய கரண்டி வாங்கலாம். இந்த மாதிரி விளையாட்டுக்கு ஆக்‌ஷன் ஆர்பிஜி என்று ஒரு பெயர் இருப்பதே ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குத் தெரியும். அப்போது எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கரண்டி கேம்.

அதில் வருகிறவர்கள் பேசுகிற பேச்செல்லாம் ஜப்பான்காரன் எழுத்து. ஒரு எழுத்துகூடப் புரியாது. அதனால் என்ன, நானே பேசிவிடுவேன். நம் ஆள் செத்தால் ஒரு குடிசையில் கட்டிலிலிருந்து எழுந்து உட்காருவான். பக்கத்தில் ஒரு கோழி நின்று கத்தும். அந்தக் கோழிக்காக நான் சத்தமாகச் சொல்வேன்: "இன்னாடா, மறுபடியும் செத்துகினு வந்துட்டியா? கஞ்சிய குட்சிட்டு கெளம்பு." கடைக்காரன் ஒரு பூனை, எப்போதும் தூக்கம். கரண்டியால் தலையில் ஒன்று போட்டால்தான் எழுந்திருப்பான். "அடிக்காத நைனா, கட தொறந்துதான் கீது!" அடுப்படியிலிருந்து அம்மாவின் சிரிப்புச் சத்தம் கேட்கும். அம்மா டிவி பக்கம் வரவே மாட்டாள். ஆனால், "அந்தக் கோழி இன்னிக்கு இன்னாடி சொல்லுது?" என்று மட்டும் அங்கிருந்தே கேட்பாள்.

செட் வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். காட்டுப்பாக்கத்திலிருந்து மாமா, அதாவது அம்மாவின் தம்பி, வந்தார். செட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அப்பாவிடம் சொன்னார்: "பத்தாங்கிளாஸ் போவப்போற பொண்ணுக்கு கேம் இன்னாத்துக்கு மாமா? எம்பையன் சின்னவன்தானே, அவன் ஆடட்டும்." அப்பா, "எட்துகினு போப்பா, அதுக்கு இன்னா" என்று சொல்லிவிட்டார். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்துக்கு முன்னாலேயே வீட்டைவிட்டுப் போனால் நல்லது என்றாள் அம்மா. அந்த வாரம் தொடங்குகிற குருத்து ஞாயிறு அன்று மாமா வந்து எடுத்துப்போவதாக முடிவானது. நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். ஒருத்தராவது என்னைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்க வேண்டுமே! எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று சாப்பிடவே இல்லை. செட் போனால் போகட்டும். ஆனால் அந்த வெங்காயத்தை நான் இன்னும் பார்த்ததே இல்லை, பானை ஊர் வந்து சேர்ந்ததா என்று தெரியாது. முடிவைப் பார்க்காமல் கொடுப்பதில்லை என்று மனதுக்குள் சபதம் எடுத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்துத் தவக்காலம் வந்தது. அம்மா ஒவ்வொரு வருஷமும் தவக்காலத்தில் ஒறுத்தல் என்று எதையாவது விட்டுவிடுவாள். ஒரு வருஷம் காபி, ஒரு வருஷம் தலையில் பூ. அந்த வருஷம் டிவி. அவள் மட்டும் விட்டால் போதாது, வீடே விட வேண்டும். கோயிலில் சாமி சுரூபங்களை ஊதாத் துணியால் மூடுவார்கள் அல்லவா, அதைப் போலப் மெல்லிசான பழைய ஊதா வாயில் சேலையைக் கிழித்து டிவியை மூடிவிட்டாள். நான் கேட்டேன், "அப்ப என் கேம்?"

"டிவி இல்லாம கேம் எங்கடி வரும்?"

நான் விடுகிற ஆளா? தவக்காலம் நாற்பது நாள் என்று மறைக்கல்வி வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். காலண்டரை எடுத்து ஈஸ்டர்வரை எண்ணினால் நாற்பதையும் தாண்டிப் போனது. ஞாயிற்றுக்கிழமைகளைத் தள்ளிப் பார்த்தேன். கணக்குச் சரியாக உட்கார்ந்தது. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேராகப் பங்குச் சாமியாரிடம் போய் நின்றேன்.

"சாமி, ஞாயித்துக்கெழம ஒறுத்தல்ல சேர்த்தியா, இல்லியா?"

அவருக்குப் பசி நேரம். "இல்லம்மா. ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாளு. அன்னைக்கு ஒறுத்தல் கெடையாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வீட்டு வாசலுக்கு வந்ததும் அம்மா திரும்பி நின்றாள். "சரி, ஞாயித்துக்கெழம மட்டும் ஆடிக்கோ. ஆனா துணி அப்டியேதான் கெடக்கும். அது நான் நேர்ந்துகினு போட்ட துணி. ஈஸ்டருக்குத்தான் எடுப்பேன், நான்தான் எடுப்பேன்." அதோடு நான் அடங்கிவிடுவேன் என்று நினைத்திருப்பாள்.

நான் துணியோடு ஆடினேன். வாயில் சேலைதானே, உற்றுப் பார்த்தால் உள்ளே உருவம் தெரியும். முள்ளங்கி ஊதா, கோழி ஊதா, நம் ஆளின் தொப்பையும் ஊதா. மூக்கு துணியில் படுகிற அளவுக்குக் கிட்டே உட்கார்ந்து ஆடினேன். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "அய்யய்ய, டிவிக்கு முக்காடு போட்டுகினு ஆடுது பாரு!" என்று வரிசை முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். நான் திரும்பியே பார்க்கவில்லை. அந்த கேசட்டில் பாதியில் நிறுத்திவைக்கிற வசதி கிடையாது. அணைத்தால் எல்லாம் போச்சு, அடுத்த ஞாயிறு முதலிலிருந்து வர வேண்டும். இங்கேதான் சின்ன கேமின் மகிமை. பூசை முடிந்து வந்து உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடலாம். என்னோடு வேலை செய்கிறவள் ஆடுகிற அந்த நூறு மணி நேரச் சமாச்சாரம் அன்று என் கையில் கிடைத்திருந்தால் நான் கிழவியானாலும் அது முடிந்திருக்காது.

முதல் ஞாயிறே கடைசிக் கோட்டைவரை போய்விட்டேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். வெங்காய ராட்சசன் ஊதா நிறம். துணியும் ஊதா. அவன் எங்கே நிற்கிறான் என்றே தெரியவில்லை! போதாததற்கு, அவனை ஒரு அடி அடித்தால் நம் ஆள் கண்ணைக் கசக்கிக்கொண்டு அழ ஆரம்பிப்பான். அழுகிறவரைக்கும் இடது பக்கம் அமுக்கினால் வலது பக்கம் ஓடுவான். செத்தேன். கோழி கத்தியது. அடுத்த ஞாயிறும் செத்தேன், அதற்கடுத்த ஞாயிறும். அம்மா தண்ணீர் பிடிக்கப் போகிற நேரத்தில் துணியைத் தூக்கிவிட்டு ஆடியிருக்கலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் அப்படி ஜெயித்தால் வெங்காயத்தை ஜெயித்து அம்மாவிடம் தோற்ற மாதிரி ஆகிவிடும். எனக்கு இரண்டு பேரையும் ஜெயிக்க வேண்டியிருந்தது.

"இன்னிக்கும் செத்துட்டியாடி?" என்று அடுப்படியிலிருந்து அம்மா கேட்பாள்.

"வெங்காயம் கண்ணுக்கே தெர்ல."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் மறுபடி கேட்கும்.

குருத்து ஞாயிறு வந்தது. பவனி, பாடல், இயேசுவின் பாடுகளைப் பற்றிய நீளமான வாசகம் என்று பூசை இழுத்துக்கொண்டே போனது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. முடிந்ததும் குருத்தோலையைக் கையில் பிடித்துக்கொண்டு குவார்ட்டர்ஸ்வரை ஓடினேன். அப்பா ஓவர்டைம் போயிருந்தார். உட்கார்ந்தேன், ஆடினேன். வழியெல்லாம் மனப்பாடம், எந்த முள்ளங்கி எங்கே நிற்கும் என்று எனக்குத் தூக்கத்திலும் தெரியும். கோழிக்கும் பூனைக்கும் அன்று நான் பேசவில்லை, நேரமில்லை. அம்மாவும் பின்னாலேயே வந்து குழம்பு வைக்கப் போய்விட்டாள். கடைசிக் கோட்டைக்குள் நுழையும்போது வாசலில் மாமாவின் வண்டி வந்து நின்றது.

மாமா டீ குடித்தார். காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டீ தீர்ந்ததும், "போதும் ஆஃப் பண்ணும்மா, பூந்தமல்லில ஒருத்தர பாக்கணும்" என்றார். நான் காதில் வாங்கவே இல்லை. எதிரே எங்கேயோ வெங்காயம் நின்றுகொண்டிருந்தது, நான் ஊதாவுக்குள் கரண்டியை வீசிக்கொண்டிருந்தேன். மாமா எழுந்து வந்து பிளக்கைப் பிடித்தார்.

"அதுல கைய வெச்ச, பாரு!"

அம்மா அடுப்படி வாசலில் நின்றாள். கையில் குழம்புக் கரண்டி.

"இன்னாக்கா?"

"அவ முடிக்கட்டும்."

"துணி போட்டுகினு எப்டிக்கா முடிப்பா? கண்ணு தெரியாத ஆட்டம்!" மாமா சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. வந்து என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அத்தனை நாளில் அவள் அங்கே வந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. துணிக்குள் உற்றுப் பார்த்தாள். "எங்கடி கீது அந்த வெங்காயம்?"

"தெர்லமா." எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அதுவும் ஊதா, துணியும் ஊதா."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். கையை முந்தானையில் துடைத்தாள். துணியின் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துவிட்டாள்.

"அக்கா! தவக்காலம்! நேர்ந்துகினு போட்டது!"

"ஞாயித்துக்கெழமடா இன்னிக்கு. சாமியாரே சொல்லிட்டாரு."

எத்தனை வாரம் கழித்துக் கலரைப் பார்க்கிறேன்! பச்சைப் புல், சிவப்புச் சுவர், நடுவில் பெரிய மீசை வைத்துக்கொண்டு ஊதா வெங்காயம். இத்தனை நாள் அந்த மீசையைக்கூட நான் பார்க்கவில்லை. அடித்தேன். ஒரு தோல் உரிந்து விழுந்தது. நம் ஆள் அழுதான், இடமும் வலமும் மாறியது. "அந்தாண்ட ஓடுறான் பாரு, அந்தாண்ட!" என்று அம்மா என் தோளை உலுக்கிக்கொண்டு கத்தினாள். மறுபடி அடித்தேன், மறுபடி உரிந்தது. உரிய உரிய வெங்காயம் சின்னதாகிக்கொண்டே வந்தது. கடைசியில் சாம்பாரில் போடுகிற அளவுக்கு ஆகி, 'ப்ளுக்' என்று ஒரு சத்தம் போட்டுக் காணாமல் போனது.

பானை ஊருக்கு வந்தது. கோழி, பூனை, அடிவாங்கிய முள்ளங்கிகள் எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கரண்டியோடு நம் ஆள் பரிமாறினான். அவ்வளவுதான் முடிவு. அதற்காக நான் எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன். கீழே பெரிய எழுத்தில் ஜப்பான்காரன் ஏதோ எழுதியிருந்தான்.

மாமாவுக்கே ஆர்வம் வந்துவிட்டது. குனிந்து பார்த்து, "இன்னா எழுதிகீது?" என்றார்.

அதுவரை எல்லாருக்கும் பேசியவள் நான்தான். அன்று நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அந்த எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள்.

"'போடா, நாங்க முடிச்சிட்டோம்'னு எழுதிகீது" என்றாள். "இப்ப சுத்திக்கோ ஒயர."