இரண்டாவது சீட்டு

பாறசாலைப் பக்கத்துச் சபைகளில் ஆனந்தபாயைத் திமிர் பிடித்தவள் என்றுதான் சொல்லுவார்கள். சொல்லட்டும். ஆண்டவரிடம் கேட்டதற்குப் பதில் வந்தால் அந்தப் பதிலின்மேல் நிற்கிற தைரியம் உங்களில் யாருக்கு உண்டு என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள். உடனே மழையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள்.

அவளுடைய அப்பா சுவாமிதாஸ் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். வீட்டில் எந்தப் பெரிய காரியமானாலும் திருவுளச்சீட்டு போடாமல் முடிவெடுக்க மாட்டார். சில நாள் உபவாசமிருந்து ஜெபிப்பார். பிறகு ஒரு துண்டில் 'சம்மதம்', இன்னொன்றில் 'வேண்டாம்' என்று எழுதி மடித்து, கோயிலில் ஆல்டருக்கு முன்னால் காணிக்கைப் பையில் போடுவார். யாருடைய காரியமோ அவர் கையை விட்டு ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்தது ஆண்டவருடைய சித்தம். மாடு வாங்கியதும் அப்படித்தான், கிணறு வெட்டியதும் அப்படித்தான். கிணற்றில் தண்ணீர் வரவில்லை, அது வேறு கதை.

பாறசாலைச் சந்தையில் தையல்கடை வைத்திருந்த ராபின்சன் பெண் கேட்டு ஆள் விட்டபோதும் சீட்டுதான். ஆனந்தபாய்க்கு அவன்மேல் பெரிய பிரியம் ஒன்றும் அப்போது இல்லை. காது இரண்டும் முறம் மாதிரி விரிந்திருக்கிறதே என்றுகூட நினைத்தாள். ஆனாலும் மனசார ஜெபித்தாள். கையை விட்டாள். சம்மதம் வந்தது. வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போதே அந்தக் காதுகளை அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

கோயிலில் முதல் ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை உண்டென்றால் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு வாசிக்கிற வழக்கம். அது மார்த்தாண்டத்தில் போலீஸ் துப்பாக்கி வெடித்த வருஷம். மலையாளச் சீமையில் கிடந்த தமிழ் பேசுகிற தாலுகாக்களைச் சென்னையோடு சேர்க்கச் சொல்லி ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் வீடு வீடாகத் தேடிக்கொண்டிருந்தது. ராபின்சன் ஊர்வலத்துக்குக் கொடி தைத்துக் கொடுத்தவன். மிஷினில் பாதி தைத்த கொடி கிடக்கும்போதே அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

இரண்டாவது ஞாயிறு ஓலை வாசிக்கவில்லை. ஏன் என்று கேட்டபோதுதான், அப்பா போதகரிடம் போய் நிறுத்தச் சொன்னது ஆனந்தபாய்க்குத் தெரிந்தது. அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் அவர் காணிக்கைப் பையை வீட்டுக்கே கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

"மக்கா, நெலமை மாறியாச்சு. இன்னொருக்கா சீட்டு போட்டுப் பாப்போம். ஆண்டவரு இந்த வாட்டி வேற வழி காட்டுவாரு."

"முந்தி காட்டினது ஆருப்பா?"

"அப்பம் அவன் தையக்காரன். இப்பம் லாக்கப்புல கெடக்கான்."

"அவன் லாக்கப்புக்குப் போவான்னு நமக்குத்தான் தெரியாது. ஆண்டவருக்குமா தெரியாது? தெரிஞ்சுதான் சம்மதம்னு தந்தாரு."

சுவாமிதாஸ் பையை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் தள்ளினார். "எனக்க வேலை போச்சுன்னா? ஒனக்க தம்பி தங்கச்சிமாரு என்னத்தத் திங்கும்?"

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அந்த வீட்டு அடுப்பு எரிவது அவர் சம்பளத்தில்தான். கண் கலங்கிவிட்டது. ஆனாலும் கை நீளவில்லை.

"வேலை போனா நான் மண்ணு சுமந்தாவது கஞ்சி ஊத்துவேன். ஆனா அந்தப் பையில கை விடமாட்டேன். பதில் கெடைச்சபிறகு பின்னயும் கேக்கியது ஜெபம் இல்லப்பா, பேரமாக்கும்."

மறுநாள் ஆராதனையில் போதகர் அறிவிப்புகளை வாசித்து முடித்துப் பாட்டுக்குத் திரும்பினார். பெண்கள் பக்கத்துப் பாயிலிருந்து ஆனந்தபாய் எழுந்து நின்றாள். சுற்றியிருந்தவர்கள் சேலையைப் பிடித்து இழுத்தார்கள். அவள் உட்காரவில்லை.

"ஐயா, எனக்க ஓலை பாக்கி உண்டு."

"பெண்ணுக்க தகப்பன் நிறுத்தச் சொல்லியிருக்காரு, மகளே."

"பெண்ணு நிறுத்தச் சொல்லல்லியே. வாசியுங்க. தடை உள்ளவங்க எழும்பிச் சொல்லட்டு."

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேறு வழியில்லாமல் வாசித்தார். தடை உண்டா என்று கேட்டு வாய் மூடுவதற்குள், ஆண்கள் பக்கத்தில் சுவாமிதாஸ் எழுந்துவிட்டார். கோயிலில் ஒரு விசிறிகூட அசையவில்லை.

"சொல்லுங்கப்பா," என்றாள் ஆனந்தபாய். குரல் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. "நீங்க சொன்னா நான் இருந்திடுதேன். ஆனா காரணத்தையும் சேத்துச் சொல்லணும். அன்னைக்கு இந்த ஆல்டரு முன்னால நான் எடுத்த சீட்டு ஆண்டவரு தந்ததில்லன்னு சொல்லுங்க. இந்தச் சபையார் கேக்கட்டு."

சுவாமிதாஸ் ஆல்டரைப் பார்த்தார். வாயைத் திறந்தார். அவர் வாழ்நாளெல்லாம் போட்ட சீட்டுகள் அத்தனையும் அந்த ஒரு வார்த்தையில் பொய்யாகிவிடும். சட்டை முனையைப் பிடித்து முறுக்கிக்கொண்டே நின்றவர், மெதுவாகப் பாயில் உட்கார்ந்தார். போதகர் பாட்டு எண்ணைச் சொன்னார்.

அடுத்த ஞாயிறு மூன்றாவது ஓலையும் வாசித்தார்கள். யாரும் எழவில்லை. ராபின்சன் வெளியே வந்தபோது அவனுடைய வலதுகைப் பெருவிரல் மடங்கவில்லை, பூட்ஸ் காலால் மிதித்திருந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அவன் அளவு சொல்லுவான், ஆனந்தபாய் வெட்டித் தைப்பாள். சுவாமிதாஸுக்கு வேலை போகவில்லை. பூவார்ப் பக்கம் மாற்றிவிட்டார்கள், தினமும் நடையோ நடை.

ஐம்பத்தாறில் எல்லை போட்டார்கள். விளவங்கோடு சென்னையோடு போயிற்று, பாறசாலை மலையாளப் பக்கமே கிடந்தது. எதற்காக ராபின்சனின் விரல் போனதோ, அது அவன் ஊருக்குக் கிடைக்கவில்லை. அவன் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. துணி தைக்கக் கொடுக்க வந்த சொந்தக்காரி ஒருத்தி, "ஒனக்க ஆண்டவரு காட்டின வழியைப் பாத்தியா பிள்ளே," என்று குத்தினாள். "வழிதான் கேட்டேன். அதுல கல்லு கெடக்கப்பிடாதுன்னு கேக்கல்ல," என்று சொல்லி அவள் துணியை மடித்துக் கையில் கொடுத்து அனுப்பினாள் ஆனந்தபாய்.

அந்த மாசத்திலேயே ஒருநாள் சுவாமிதாஸ் கடைக்கு வந்தார். சொந்தக்காரர்கள் பலரும் நிலத்தை விற்று எல்லை தாண்டிக் குழித்துறைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். போவதா இருப்பதா என்று அவருக்குத் தூக்கமில்லை. கைக்குட்டையைப் பிரித்தார். உள்ளே மடித்த சீட்டு இரண்டு.

"நீ எடு மக்கா. ஒனக்க கைக்குத்தான் ஆண்டவரு பதில் சொல்லுவாரு."

ஆனந்தபாய் மிஷினை நிறுத்தினாள். கையை நீட்டினாள்.

"எடுக்கேன்ப்பா. ஆனா ஒருக்காதான். வந்தது வந்ததுதான், பெறகு மாறப்பிடாது. சம்மதமா?"

சுவாமிதாஸ் நீட்டிய கையைப் பார்த்தார், சீட்டுகளைப் பார்த்தார். பிறகு கைக்குட்டையை முடிந்து பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம் ஜெபிச்சிட்டு வாறேன்," என்றார்.

அவர் ஜெபித்து முடிக்கவில்லை. பாறசாலையிலேயே இருந்தார், அங்கேயே அடக்கமும் ஆனார்.