திருப்பி அனுப்பிய கத்திரிக்காய்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாதா கோயில் வாசலில் நின்று கத்திரிக்காய் விற்றேன்.

சிரிக்காதீர்கள். எழுபத்திரண்டு வயதில், சலவை வேட்டி சட்டையோடு, இரண்டாம் பூசை முடிந்து வந்த கூட்டத்துக்கு நடுவே... காலடியில் ஒரு கூடை. என்னைச் சுற்றி நின்றவர்கள் யார்? உங்களைப் போல இந்தப் பத்திரிகைப் பத்தியை வாராவாரம் படிப்பவர்கள்தான். மூன்று வாரமாக நான் இயற்கை விவசாயம் பற்றி எழுதியதைப் பாராட்டியவர்கள்தான்.

முதலில் வந்தவர் அந்தோணி. பேங்க்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர்.

“என்ன வாத்தியாரே, எழுதுறதோட நிக்காம களத்துலயே எறங்கிட்டீங்க! மருந்தடிக்காத காயா?”

“இந்தத் தடவை ஒரு சொட்டு அடிக்கல.”

“இதத்தான் தேடிக்கிட்டிருந்தேன்.” ஒரு காயை எடுத்துத் திருப்பினார். குண்டூசித் தலை அளவுக்கு ஓர் ஓட்டை. கூடையில் வைத்தார். அடுத்ததை எடுத்தார். வைத்தார். “ஓட்டையா இருக்கே?”

“மருந்தடிக்கலைல்ல...”

“அது சரிதான். மருந்தும் அடிச்சிருக்கக் கூடாது, ஓட்டையும் இருக்கக் கூடாது. அந்த மாதிரி இருந்தா சொல்லுங்க, அஞ்சு கிலோ எடுத்துக்கிறேன்!”

அவருக்குப் பின்னால் வந்தவர்களும் அதையேதான் செய்தார்கள். எடுப்பது, திருப்புவது, வைப்பது. போகும்போது ஒரு வார்த்தை — “போன வாரம் ரொம்ப நல்லா எழுதியிருந்தீங்க சார்.”

எனக்கு எரிச்சலாக வந்தது. அந்தோணி மேல் அல்ல. அவர் பேசியது நான் என்றோ பேசியது. அதைத்தான் இன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

சேவுகம்பட்டிப் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் உண்டு. ஆறு வருடமாகக் கருப்பையா அதைக் குத்தகைக்கு எடுத்துக் கத்திரி பயிர் செய்கிறார். காய் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போய், அங்கிருந்து லாரியில் கேரளாவுக்குப் போகும். சனிக்கிழமை தோறும் எங்கள் வீட்டுக்கு ஒரு பை பஸ்ஸில் வரும்.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, வீட்டில் சம்பந்தி வீட்டார் இருந்தார்கள். என் மனைவி ஸ்டெல்லா காயை அரிந்தாள். உள்ளே புழு. அதுவும் சம்பந்தியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது! எனக்கு வந்ததே கோபம். பையை அப்படியே அடுத்த பஸ்ஸில் திருப்பி அனுப்பினேன், ஒரு சீட்டோடு. ‘சொத்தைக் காயெல்லாம் எங்களுக்குத்தானா? மார்க்கெட்டுக்கு அனுப்புகிற காயில் கொடுக்கக் கூடாதா?’

அடுத்த வாரத்திலிருந்து கண்ணாடி மாதிரி காய் வந்தது. எப்படி மிரட்டினேன் பார்த்தாயா என்று ஸ்டெல்லாவிடம் பெருமையடித்துக் கொண்டேன்.

இரண்டு மாதத்துக்கு முன் கருப்பையா மருந்தடித்துக் கொண்டிருந்தபோதே வயலில் மயங்கி விழுந்தார். வத்தலக்குண்டில் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். நான் பார்க்கப் போனபோது கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காப்பி டம்ளரைப் பிடித்த கை நடுங்கியது. அவர் மனைவி பாண்டியம்மாள் என்னை வயலுக்குக் கூட்டிப் போனார். கிணற்றோரம் இரண்டு வரிசைச் செடி மட்டும் இலையெல்லாம் சல்லடையாக இருந்தது.

“இது என்னம்மா, தனியா?”

“வீட்டுக்கு சார். இதுல மருந்தடிக்க மாட்டோம். புள்ளைக திங்கிறதுல்ல?” குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினார். புட்டு மாதிரி உதிர்ந்தது. உள்ளே ஒரு மண்புழு நெளிந்தது. இரண்டடி தள்ளி, மார்க்கெட் வரிசையில், மண் ஓடு மாதிரிக் கிடந்தது.

“அப்ப எனக்கு வர்றது?”

கொஞ்சம் தயங்கினார். “மொத ரெண்டு வருசம் இதுலருந்துதான் சார் குடுத்துவிட்டேன். எங்களுக்குப் பத்துனாலும் பத்தாட்டியும் ஒங்களுக்குன்னு எடுத்து வச்சிருவேன். நீங்கதான் வேணாம்னு திருப்பி அனுப்புனீக.”

அவர் நிறுத்தவில்லை.

“அந்த வருசந்தான் அவுக அம்புட்டு வயலையும் இதே மாதிரி மருந்தில்லாம விட்டுப் பாப்பமான்னு சொல்லிக்கிட்டிருந்தாக. ஒங்க சீட்டு வந்துச்சு. ‘படிச்ச வாத்தியாரே வேணாங்கிறாரு, வேற எவன் வாங்குவான்’னுட்டு மருந்து டேங்க்க எடுத்து முதுகுல மாட்டிக்கிட்டாக.”

நான் முப்பது வருடம் வேதியியல் நடத்தியவன். அந்த மருந்து டப்பாவில் இருக்கிற பெயரைப் படித்தால் அதன் அமைப்பை போர்டில் வரைந்து காட்டுவேன். அது மனிதனின் நரம்பை என்ன செய்யும் என்பதும் தெரியும். தெரிந்துகொண்டு என்ன கிழித்தேன்?

வீட்டுக்கு வந்து பத்தி எழுதினேன். மண், உணவு, உடம்பு என்று மூன்று வாரம். இந்தச் சீட்டு விஷயத்தை மட்டும் எழுதவில்லை.

அந்தப் பத்திகளைக் கையில் எடுத்துக்கொண்டு பத்து நாளுக்கு முன் மறுபடி போனேன். கருப்பையா டேங்க்கில் தண்ணீர் ஊற்றிக் கொண்டிருந்தார்.

“என்னய்யா இது? மருந்துப் பக்கமே போகக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே!”

“புழு விழுந்துருச்சு சார். டாக்டரு வந்து சொத்தக் கத்திரிக்கா வாங்குவாரா?”

“இந்தத் தடவை அடிக்காதீங்க. நான் விக்கிறேன்.”

“நீங்களா?” சிரித்துவிட்டார். பாண்டியம்மாள் சிரிக்கவில்லை, டேங்க்கை வாங்கித் தண்ணீரைக் கீழே கொட்டினார். “சார் சொல்றாகல்ல, அடுத்த திங்கக்கெழம வரைக்கும் பொறுங்க.”

அப்படித்தான் கூடையோடு கோயில் வாசலுக்கு வந்தேன். கடைசி வரை வாங்கியது ஒரே ஓர் ஆள் — வாசலில் பூ விற்கிற அம்மா. ஒரு கிலோ. “ஓட்டைய அரிஞ்சு எறிஞ்சுட்டா போச்சு. இதுக்குப் போயி இம்புட்டு ஆராய்ச்சியா?” என்றார். அவர் என் பத்தியைப் படிப்பதில்லை.

திங்கட்கிழமை காலையில் ஊர் டெலிபோன் பூத்திலிருந்து கருப்பையா போன் செய்தார்.

“சார், என்னாச்சு? அடிக்கவா, விடவா?”

எல்லாம் விற்றுப்போனது என்று சொல்லிவிடலாமா? நாக்கு நுனி வரை வந்தது.

“ஒரு கிலோதான் போச்சு கருப்பையா. மிச்சத்த நாங்க வச்சுக்கிட்டோம்.”

கருப்பையா மெதுவாகக் கேட்டார்: “திருப்பி அனுப்பலையே சார்?”

“இல்லய்யா. வத்தல் போட்டிருக்கோம்.”

“சரி... இன்னும் ஒரு வாரம் பாக்குறேன். அதுக்கு மேல என்னால முடியாது சார்.”

வருகிற ஞாயிறும் கோயில் வாசலில் நிற்பேன். காயில் ஓட்டை இருக்கும். சிலவற்றில் ஓட்டை போட்டவரும் உள்ளே இருப்பார். கருப்பையாவின் டேங்க் இப்போதைக்கு ஆணியில் தொங்குகிறது.

தயவுசெய்து இந்த வாரம் பாராட்டுக் கடிதம் எழுதாதீர்கள்... பையோடு வாருங்கள்.